பேதி உப்பு டிரசரும் நடிக்கிற டிவியும்

உலகத்தில் ஒருவருக்கும் உண்மையில் நோய் வருவதே இல்லை என்று முழுமனதாக நம்பிக்கொண்டு, ஆயுள் முழுக்க வைத்தியம் பார்த்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலும் சரி, பிறகு ஈப்போ புந்தோங்கில் எங்கள் வரிசை வீடுகளிலும் சரி, அவர் பெயர் பேதி உப்பு டிரசர். முகத்துக்கு நேரே 'டிரசரய்யா'. முதுகைத் திருப்பினால் பேதி உப்பு.

டிரசர் என்றால் யார் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவர்தான் எல்லாம். டாக்டர் எப்போதோ ஒருநாள் காரில் வந்து, காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாட்களில் காயத்துக்குக் கட்டுப்போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, 'இவனால் இன்றைக்கு வேலை செய்ய முடியாது' என்று லீவு கொடுப்பது, எல்லாம் டிரசர் கையில். இந்தக் கடைசி அதிகாரத்தை நம்மவர் ஒருமுறையாவது பயன்படுத்தியதாகத் தகவல் இல்லை.

விடியற்காலையில் பெரட்டு நடக்கும். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு அந்தப் பெயர். அது முடிந்ததும், உடம்பு சரியில்லாதவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பார்கள். டிரசர் நாக்கை நீட்டச் சொல்வார். கண் இமையை இழுத்துப் பார்ப்பார். பிறகு ஒரே வார்த்தை: "நடிப்பு!"

நடிப்புக்கு மருந்தும் ஒன்றுதான். ஒரு குவளை நிறைய பேதி உப்புத் தண்ணீர். தலைவலியா? பேதி உப்பு. இடுப்புவலியா? பேதி உப்பு. வழுக்கி விழுந்து கை ஒடிந்து வந்தவனிடம்கூட, "மொதல்ல வயிறு சுத்தமாவட்டும், அப்புறம் கையப் பாப்போம்" என்றாராம். அதைக் குடித்தவன் லயத்து வீட்டுக்கும் கக்கூசுக்குமாக ஓடுகிற ஓட்டத்தில், இதற்குப் பேசாமல் ரப்பர் மரத்தில் பால் வெட்டவே போயிருக்கலாம் என்று நொந்துபோவான். பேராவிலேயே நோய்நொடி இல்லாத தோட்டம் தன்னுடையதுதான் என்று தோட்ட மேனேஜரான பெரிய தொரை மற்றத் தொரைகளிடம் பெருமையடித்துக்கொள்வாராம்.

மாணிக்கம் என்று ஒரு பால்வெட்டுக்காரர். ஒருநாள் மரத்தடியில் குளவி கொட்டிவிட்டது. ஒரு கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்கிறார். டிரசர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாயில என்னடா, வெத்தலையா? துப்பிட்டு வா!"

"ஐயா, கொளவி கொட்டிருச்சுங்கய்யா."

"எங்க கொளவி? கூட்டிட்டு வந்தியா?"

பாவம், கொட்டின குளவியைச் சாட்சிக்கு எங்கே தேடுவது? மாணிக்கமும் பேதி உப்பு குடித்தார். அன்றைக்கு அவருக்கு மேலேயும் எரிச்சல், கீழேயும் எரிச்சல். இதையெல்லாம் எனக்குச் சொன்னவரே அந்த மாணிக்கம்தான். எத்தனையோ வருஷம் கழித்துச் சொல்லும்போதும் அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போகும்.

சும்மா சொல்லக்கூடாது, டிரசர் ஆளுக்கு ஒரு நியாயம் பேசுகிறவர் அல்ல. அவருக்கே ஒருமுறை கடைவாய்ப் பல் வலி கண்டது. "நடிக்குது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பல்லுக்குப் பாடம் புகட்ட ஒரு துண்டுக் கரும்பை எடுத்துக் கடித்தார். பல் கரும்போடு வந்துவிட்டது. "பாத்தியா, வலி போயிருச்சு!" என்றாராம் ரத்த வாயோடு.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ஆஸ்பத்திரியும் மூடியாயிற்று. டிரசர் மனைவியோடு புந்தோங்குக்கு வந்து என் பக்கத்து வீட்டில் குடியேறினார். நான் அப்போது ஒரு லாரிக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. கல்யாணம் ஆகாதவனிடம் கார் இருந்தால் அது தெருவுக்குப் பொதுச்சொத்து. டிரசர் என்னை 'தம்பி' என்று கூப்பிடும் குரலிலேயே, இன்றைக்கு எங்கே போகவேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

டிரசரம்மா அவருக்கு நேர் எதிர். எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் புந்தோங்குக்கு வரும்போதே அவருக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது. நாம் ஒன்று கேட்டால், நம் வாயையே உற்றுப் பார்த்து, ஒரு நிமிஷம் யோசித்து, பிறகுதான் பதில் வரும். தோட்டத்தில் இருந்தபோது ரேடியோப் பைத்தியமாம். நாடகம், பாட்டு, நேயர் விருப்பம் ஒன்றையும் விடமாட்டாராம். இங்கே அந்த ரேடியோவின் மேல் ஒரு துணியைப் போர்த்தி வைத்திருந்தார்.

தெருவுக்கே தெரிந்த இந்த விஷயத்துக்கு டிரசர் என்ன சொன்னார் என்கிறீர்கள்? வேறென்ன!

"நடிப்பு தம்பி! வேலை சொன்னா மட்டும் கேக்காது. காலைலேருந்து காப்பி கேட்டுக்கிட்டு இருக்கேன், 'என்னா, என்னா'ங்கறா. எத்தன பேரப் பாத்திருக்கேன், இவ எங்கிட்டயே காட்டுறா!"

"சார், வயசாச்சுல்ல, ஒருதரம் ஆஸ்பத்திரிக்குக் காட்டலாமே" என்றேன்.

"ஆஸ்பத்திரியே நாந்தானய்யா!" என்றார்.

நல்லவேளையாக வீட்டில் பேதி உப்பு தீர்ந்திருந்தது.

இப்படிச் சொன்ன மனிதர், ஒருநாள் திடுதிப்பென்று கலர் டிவி வாங்கினார். கலர் டிவி நம் நாட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் வரிசையில் அதுதான் முதல் பெட்டி. "எதுக்கு சார் இவ்ளோ பெருசு?" என்றால், "செய்தி பாக்கணும்லா, நாட்டுல என்னா நடக்குதுன்னு தெரிய வேணாமா?" என்றார். செய்தி வரும் நேரத்தில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார் என்பது சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குத் தெரியாதா!

டிரசரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். "ரேடியோதான் போயிருச்சு தம்பி. இதுல மூஞ்சி தெரியுது பாருங்க. வாய் அசையறதப் பாத்தே பாதி வசனம் புரிஞ்சிருது. அந்த மனுசன் எனக்குத்தான் வாங்கியிருக்காரு. கேட்டா ஒத்துக்கமாட்டாரு."

வாரம் ஒருமுறை தமிழ்ப்படம் போடுவார்கள். அந்த அம்மாள் காலையிலேயே சமைத்து முடித்து, தலைக்குப் பூ வைத்து, நாற்காலியைத் திரைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கதாநாயகி அழுதால் இவர் கண்ணில் தண்ணீர். நகைச்சுவை நடிகர் வாயைத் திறக்கும் முன்பே இங்கே சிரிப்பு. டிவி வரும்வரை அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

டிரசர் அதோடு விட்டாரா? மாட்டாரே! தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வைத்திருந்த பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று யார் வீட்டிலோ கிடந்தது. இடுப்பு உயரம் இருக்கும். அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, டிவிக்கு இடதுபக்கம் ஒட்டி நிறுத்தி, ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு டிவியோடு இணைத்துவிட்டார்.

"இனிமே கேக்கலன்னு சாக்கு சொல்ல முடியாது பாருங்க!" என்றார் என்னிடம் வெற்றிப் புன்னகையோடு.

அன்று சாயங்காலம் புந்தோங் முழுக்கச் செய்தி கேட்டது. என் வீட்டு அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. எதிர்வீட்டு நாய் ஊரைவிட்டே ஓடிப்போய் இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பியது. டிரசரம்மா மட்டும் ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு, பூந்தொட்டி வைக்கவா?" என்றார்.

அதற்கு அடுத்த படத்தன்றைக்குத்தான் வினை வந்தது. டிவிக்குப் புதுப்பெட்டி வாசம்கூடப் போகவில்லை. திரையின் இடதுபக்கம் பச்சையடித்துப்போய்விட்டது. கதாநாயகன் வலதுபக்கம் நிற்கும்போது மனிதன். இடதுபக்கம் வந்தால் பச்சைக்கிளி. காதலர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் ஒருவர் சிவப்பு, ஒருவர் பச்சை. நடுவில் ஊதாவாக ஒரு கோடு வேறு.

டிரசரம்மா முகத்தைப் பார்க்கவேண்டுமே! "வாயே தெரியல தம்பி. பச்சையா ஈஷிக்கிட்டு நிக்குது. என்னா பேசறாங்கன்னே புரியல" என்று கண் கலங்கினார்.

டிரசர் டிவியை உற்றுப் பார்த்தார். பின்பக்கம் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று. பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டார். டிவிக்கு நாக்கு இல்லாததால் தப்பித்தது.

"தம்பி, கார எடுங்க. தவுக்கேகிட்ட போலாம்."

தவுக்கே என்றால் சுங்கை சிப்புட்டில் கடை வைத்திருந்த சீன முதலாளி. தோட்டத்துக் காலத்திலிருந்தே பழக்கம். ஈப்போவில் இல்லாத டிவிக் கடையா? ஆனால் டிரசர் அவரிடம் தவிர வேறு யாரிடமும் ஓர் ஆணிகூட வாங்கமாட்டார். ஆகவே டிவியை ஒரு கம்பளியால் சுற்றி, என் காரின் பின்சீட்டில் படுக்க வைத்தோம். டிரசர் முன்சீட்டுக்கு வரவில்லை. பின்னாலேயே உட்கார்ந்து, டிவியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

"பாத்து ஓட்டுங்க தம்பி. உள்ள சீக்காளி இருக்குல்ல."

கடையில் போட்டுப் பார்த்தால், கேளுங்கள் கூத்தை, படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது! செய்தி வாசிக்கிற பெண்ணின் இடதுகன்னமும் வலதுகன்னமும் ஒரே நிறம். உதட்டுச் சாயம் உதட்டோடு நிற்கிறது. தவுக்கே எங்களைப் பார்த்தார். தோட்டத்து ஆட்களோடு பழகி நன்றாகத் தமிழ் பேசுவார்.

"டிரெசர், எங்க பச்ச? எல்லாம் நல்லா இருக்கு லா. நீங்க கண்ணாடி மாத்துங்க."

டிரசருக்கு முகம் செத்துப்போய்விட்டது. ஆனால் காரில் திரும்பும்போது அந்த முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. ஆயுள் முழுக்கப் பார்த்த நோயாளியை மறுபடி சந்தித்துவிட்ட வெளிச்சம்.

"தம்பி, புரிஞ்சுபோச்சு. வேலை செய்ற எடத்துல சீக்கு, தொரை முன்னாடி நின்னா சொகம். இது நடிப்பு!"

"டிவி எப்படி சார் நடிக்கும்?"

"அதுக்குள்ள இருக்கறவன் பூரா நடிகந்தானே!"

நான் கியரை மாற்றிச் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து பழைய இடத்தில் வைத்துப் போட்டோம். பச்சை! டிரசர் அசரவில்லை. அன்றிலிருந்து டிவிக்கும் அவருக்கும் நேரடி யுத்தம். நடிக்கிறவனை யாரும் பார்க்காத நேரத்தில்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர் தொழில் அனுபவம். ஆகவே டிவியைப் போட்டுவிட்டு, "நான் கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று அதனிடம் உரக்கச் சொல்வார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார். வீட்டைச் சுற்றி வந்து, அடுப்படி வழியாகப் பூனை மாதிரி நுழைந்து, கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பார். டிவி அப்போதும் பச்சையாகத்தான் இருக்கும்.

"கில்லாடி! நான் கதவுக்குப் பின்னாடி நிக்கறது தெரியும் இதுக்கு" என்பார்.

ஒருநாள் முழுக்க ஓய்வு கொடுத்துப் பார்த்தார். மறுநாள் ஓய்வே கொடுக்காமல் வேலை வாங்கிப் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா, கண்ணேறு பட்டிருக்கிறது என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட வந்தார். மந்திர தந்திரத்தில் டிரசருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும், "உப்புதான? பரவால்ல, சுத்து" என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் டிரசரம்மா ஒருநாள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவர், துடைப்பத்தோடு எழுந்து வந்தார்.

"இந்தாங்க, நான் ஒண்ணு பாத்தேன். இந்த டிவி வந்து..."

"நீ சும்மா இரு! நானும் தம்பியும் பேசிக்கிட்டு இருக்கோம், உனக்குத்தான் காதே கேக்காதே!" என்றார் டிரசர்.

பாருங்கள் நியாயத்தை! மற்ற நேரத்தில் காது கேட்காதது நடிப்பு. வாயை அடைக்க வேண்டுமானால் மட்டும் அது உண்மை.

இரண்டாவது முறை தவுக்கே கடைக்குப் புறப்பட்டோம். சாலையில் போலீஸ் மறித்து வண்டிகளைச் சோதனை போடுகிற காலம் அது. இளைஞரான ஒரு மலாய்க்காரப் போலீஸ், பின்சீட்டில் கம்பளி போர்த்திக்கொண்டு ஏதோ படுத்திருப்பதையும், அதன் மேல் ஒரு பெரியவர் கையை வைத்துக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"சாக்கிட்" என்றார் டிரசர். உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

யாருக்கு என்று போலீஸ்காரர் பதறிப்போய்க் கேட்டார். டிரசர் கம்பளியை மெதுவாக விலக்கிக் காட்டினார். போலீஸ்காரர் டிவியைப் பார்த்தார். டிரசரைப் பார்த்தார். என்னை இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு மிகவும் அன்பாக, தஞ்சோங் ரம்புத்தானுக்குத் திரும்புகிற முச்சந்தியை நாங்கள் தாண்டி வந்துவிட்டதாக மலாயில் சொல்லி, வந்த வழியைக் கைகாட்டினார். பேராக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. டிரசர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, "பாத்தீங்களா தம்பி, எவ்ளோ மரியாதையான பையன்!" என்றார்.

கடையில் மறுபடியும் அதே கண்ணாடிப் படம்! தவுக்கேவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "டிரெசர், இன்னொரு தரம் வந்தா நான் இத கோலாலம்பூர் அனுப்பிருவேன். அவங்க தொறந்து பாப்பாங்க. மூணு மாசமோ ஆறு மாசமோ, எனக்குத் தெரியாது லா."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் டிரசரம்மா தலையிலிருந்த பூவை எடுத்துவிட்டார். அவருக்குச் சொன்னது முழுதும் கேட்டதோ இல்லையோ, டிவி போகப்போகிறது என்பதை எங்கள் முகத்திலேயே படித்துவிட்டார். "அடுத்தது தீவாளிப் படம்" என்றார் மெல்ல. அவ்வளவுதான். டிரசர் டிவியைப் பார்த்து, "ஒன்னாலதான்டா" என்று பல்லைக் கடித்தார்.

தீபாவளியும் வந்தது. மத்தியானம் படம். டிரசரைப் பார்க்கப் பழைய தோட்டத்து ஜனங்கள் ஒரு லாரி நிறைய வந்து இறங்கினார்கள். பலகாரம் பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். உண்மையில் வந்தது கலர் டிவி பார்க்க. தலைமை தாங்கி வந்தவர் குளவி மாணிக்கம். கூடத்தில் உட்கார இடமில்லாமல் ஜன்னலிலும் வாசலிலும் தலைகள். டிரசரம்மா பட்டுச்சேலையோடு தன் நாற்காலியில் திரைக்கு எதிரே.

படம் ஓடியது. ஸ்பீக்கர் அலறியது. கொஞ்ச நேரம் எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். கதாநாயகன் அம்மாவிடம் ஆசி வாங்க இடதுபக்கம் வந்தான். முகம் பச்சை. அம்மா அவனைக் கட்டியணைத்தார். அம்மாவும் பச்சை.

பின்னாலிருந்து மாணிக்கத்தின் குரல் பவ்வியமாக வந்தது.

"டிரசரய்யா, டிவிக்கு என்னாங்கய்யா?"

டிரசர் டிவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒடம்பு சரியில்லயோ?"

"மச்சான், நாக்க நீட்டச் சொல்லுப்பா!" என்றது இன்னொரு குரல்.

"டேய், வாயில வெத்தல வச்சிருக்கும், துப்பச் சொல்லு!"

"ஒண்ணுமில்லண்ணே, நடிப்பு!"

"பேதி உப்பு! ஒரு கொவள பேதி உப்பு குடுங்கய்யா, பச்ச தன்னால எறங்கிரும்!"

அவ்வளவுதான். கூடம் அதிர்ந்தது. தோட்டத்தில் அத்தனை வருஷம் குடித்த உப்புத் தண்ணீர் எல்லாம் அன்றைக்குச் சிரிப்பாக வெளியே வந்தது. மாணிக்கம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒருவர் சிரிப்புத் தாங்காமல் வாசலுக்கே எழுந்து போனார். டிரசர் நடுக்கூடத்தில் நின்றார். வேட்டி சட்டையெல்லாம் புதுசு. முகம் மட்டும் பழசாகிப் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே பாவமாகவும் இருந்தது.

இத்தனை ஆரவாரத்தில் எதுவும் காதில் விழாமல் பச்சை முகங்களோடு போராடிக்கொண்டிருந்தவர் டிரசரம்மா ஒருவர்தான். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, பட்டுச்சேலையை இடுப்பில் வரிந்து கட்டினார். நேரே போய் அந்த இடுப்புயர ஸ்பீக்கர் பெட்டியைப் பிடித்து இழுத்தார். கிர்ரென்று தரையைக் கீறிக்கொண்டு அது நகர்ந்தது. அதைக் கூடத்தின் அந்தக் கோடிக்கே தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வந்து, டிவியை அணைத்தார். ஒரு முறுக்கைக் கடித்து முடிக்கிற நேரம் விட்டு, மறுபடி போட்டார்.

கதாநாயகன் மனிதனாகிவிட்டான். அம்மாவுக்கும் நிறம் திரும்பிவிட்டது. பச்சை இல்லை, ஊதா இல்லை. இடது மூலைவரை பளிச்சென்று படம். ஸ்பீக்கருக்குள் இருக்கிற பெரிய காந்தம், கலர் திரைக்குப் பக்கத்தில் வந்தால் நிறத்தை இழுத்துக் கலைத்துவிடும், தள்ளி வைத்து ஒருதரம் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று பின்னால் ஒரு ரிப்பேர்க்காரர் எனக்கு விளக்கினார். டிரசரம்மாவுக்குக் காந்தமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பெருக்குவதற்காகப் பெட்டியை நகர்த்தினால் பச்சையும் கூடவே நகர்கிறது என்பதைப் பார்த்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அவர் கையைத் தட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துத் திரும்பினார். "அன்னிக்கே சொல்ல வந்தேன். இந்த வீட்டுல யாருக்கும் காது கேக்கல" என்றார் சிரித்தபடி. நாற்காலியில் போய் உட்கார்ந்து படத்தில் மூழ்கிவிட்டார்.

மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தது. ஆனால் டிரசர் சிரிக்கவில்லை. மெல்ல நடந்து, மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தா... தப்பு என்னுதுதான்."

எங்களுக்கெல்லாம் கேட்டது. அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லா என்று கூடமே நிமிர்ந்து பார்த்தது. டிரசரம்மா திரும்பவில்லை.

"எல்லாத்துக்கும் சேத்துத்தான் சொல்றேன். மன்னிச்சுக்க" என்றார், இன்னும் கொஞ்சம் உரக்க.

டிரசரம்மா திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நகைச்சுவை நடிகர் வந்திருந்தார். மாணிக்கம் எழுந்து, அந்த அம்மாளைத் திருப்ப அவர் தோளைத் தொடப்போனார். டிரசர் மாணிக்கத்தின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"கல்யாணம் பண்ணின நாள்லேருந்து இந்த வார்த்தைக்குக் காத்துக்கிட்டு இருந்தவ தம்பி" என்றார் என்னிடம். "கேட்டிருந்தா திரும்பாம இருப்பாளா?"

மறுபடி மனைவியின் முதுகைப் பார்த்தார்.

"நடிப்பில்ல" என்றார்.

அந்தத் தீர்ப்பை அவர் வாயிலிருந்து கேட்ட முதல் மனிதர்கள் நாங்கள்தான். மாணிக்கம் அழுதுவிட்டார். பேதி உப்பு குடித்த அன்றைக்குக்கூட அவர் அழவில்லையாம்.

விடுமுறை முடிந்த முதல்நாளே "தம்பி, கார எடுங்க" என்று குரல் வந்தது. இந்த முறை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு. பின்சீட்டில் டிரசரம்மா, பக்கத்தில் டிரசர். டாக்டர் ஒரு பெண், டிரசரின் பேத்தி வயதில் இருப்பார். அவர் முன்னால் டிரசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நரம்பு தேய்ந்துவிட்டது, பழையபடி வராது என்று சொல்லி, காதில் மாட்டுகிற மிஷின் ஒன்று கொடுத்தார்கள். அதை மாட்டினால் பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுவதெல்லாம் தலைக்குள்ளே விழுகிற மாதிரி இருக்கிறது என்று டிரசரம்மா கழற்றி வைத்துவிட்டார். ஸ்பீக்கர் பெட்டியை டிரசர் ஒரு கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். புந்தோங் நிம்மதியாகத் தூங்கியது.

பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? படம் ஆரம்பித்தால் ஒரு முக்காலியை எடுத்து மனைவிக்கு எதிரே போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். பின்னால் ஓடுகிற வசனத்தைக் காதால் கேட்டு, ஒவ்வொரு வரியையும் வாயை அகலமாகத் திறந்து, நிறுத்தி நிறுத்தி, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். கதாநாயகன் முறைத்தால் இவரும் முறைப்பார். கதாநாயகி வெட்கப்பட்டால், மீசை வைத்த அந்த மனிதர் துண்டின் நுனியைக் கடித்து வெட்கப்படுவார். வில்லன் சிரிப்பு அவருக்கு இயல்பாகவே வந்தது. கிழவி செத்துப்போகிற காட்சியில் ஒருமுறை அவர் செத்த விதத்தைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா தண்ணீர் எடுக்க ஓடினார். டிரசரம்மா சில சமயம் திரையைப் பார்ப்பார். பெரும்பாலும் அவரைத்தான் பார்ப்பார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

எங்கள் வரிசைக்கே முதலில் கலர் டிவி வாங்கி, அதன் திரைக்காக அத்தனை பாடுபட்ட மனிதர், அதற்கப்புறம் ஒரு படத்தையும் பார்க்கவில்லை. அவர் தலையும் ஆட்டுகிற கைகளும் எங்களுக்குப் பாதித் திரையை மறைத்துக்கொண்டிருக்கும். வாரம் தவறாமல் போய் உட்கார்ந்தோம். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்" என்று எங்களில் ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் படங்களில் ஒன்றின் கதைகூட இன்றைக்கு எனக்குச் சரியாகத் தெரியாது. நாங்கள் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.